யாரும் மிதிக்காத மண்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். வீட்டுக்காரர், ஒஃபிசுக்கு லீவு போட்டிருந்தார். அவருடைய தாய், வெள்ளிக்கிழமை என்பதால் முழுகிவிட்டு ஈரத் தலையில் துவாய் கட்டியிருந்தார். அவருடைய மனைவி, குசினிக்குள் நின்றார். அவர்களின் மகள், ஐந்து வயது, இருமல் என்று பள்ளிக்கூடம் போகவில்லை. என் முதலாளி, வானை வாசலில் விட்டுவிட்டு உள்ளே கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். நான், வீட்டுக்கு அடியில்.

டண்டினோங் பக்கத்துப் பழைய பலகை வீடு. அந்தக் காலத்து வீடுகளை இங்கே கட்டைக் கால்களில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். மண்ணுக்கும் தரைப் பலகைக்கும் இடையில் ஒரு முழம் இருக்கும், சில இடத்தில் அதுவும் இல்லை. அந்த இடைவெளியால்தான் குளிர் மேலே ஏறும். அதைத் தடுப்பது எங்கள் வேலை. பலகையைத் தாங்கும் சட்டங்களுக்கு இடையில் பஞ்சுத் துண்டுகளை ஏற்றி, விழாமல் நாடா இழுத்து ஸ்டேப்பிள் அடிக்க வேண்டும். மண்ணின் மேல் தடித்த பிளாஸ்டிக் விரிக்க வேண்டும். ஈரம் இருந்தால் ஒரு காற்றாடி பூட்டி அதை வெளியே தள்ள வேண்டும். எல்லாம் படுத்தபடி.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். உடம்பும் சின்னது. அதனால் கீழே போவது எப்போதும் நான்தான்.

வந்தவுடன் முதலாளி என்னை வீட்டுக்காரருக்குக் காட்டினார்.

“இவன்தான் அண்ணை எங்கட எலி. படகில வந்தவன். பதினெட்டு நாள் சுருண்டு கிடந்த ஆளுக்கு உங்கட வீட்டுக்கடி ஒரு பெரிய கலியாண ஹோல்.”

வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பதும் சம்பளத்துக்குள் அடக்கம்.

அவர்கள் எங்களைக் கூப்பிட்டது பிள்ளைக்காக. அந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை மூச்சு இழுத்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் எங்கோ ஈரம் இருக்கிறது, அதைப் பாருங்கள் என்று டொக்டர் சொன்னாராம். தரையை அடைத்தால் சரி என்று வீட்டுக்காரர் முடிவெடுத்தார். ஈரத்துக்குக் காரணம் மருமகள் என்று தாய் முடிவெடுத்தார்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கீழே கிடப்பவனுக்கு எல்லாம் கேட்கும். பழைய பலகை, இடைக்கிடை விரல் போகும் நீக்கல்.

“விடிஞ்சாப் பொழுதுபட்டாச் சோறு வடிக்கிறது. உடுப்பை உள்ளுக்குக் காயப் போடுறது. வீடு நனையாம என்ன செய்யும்?” இது தாயின் குரல். “கொழும்பில பிளட்டுக்குள்ள வளர்ந்தவைக்கு யன்னல் என்னத்துக்கெண்டு தெரியாது.”

“குளிருது எண்டு யன்னலைப் பூட்டச் சொன்னது நீங்கள்தானே மாமி.”

“கேட்டியே தம்பி, இவவின்ர வாயை,” என்று தாய் மகனிடம் சொன்னார்.

“வேலை ஆக்கள் நிக்கினம். பேசாம இரு,” என்றார் வீட்டுக்காரர். தாய்க்குச் சொல்லவில்லை.

நான் பிள்ளையின் அறைக்குக் கீழே ஊர்ந்துபோனேன். என் லைற் வெளிச்சம் நீக்கலால் மேலே போயிருக்க வேண்டும். பலகையில் வாயை வைத்து ஒரு குரல் கேட்டது.

“ஆர் யூ அ பொஸம்?” இங்கே வீடுகளுக்குள் புகுந்து ஒளியும் பூனை அளவு மிருகம் பொஸம்.

“இல்லை. மனிசன்.”

“வட் ஆர் யூ டூயிங் தேர்?”

“உங்கட அறைக்குப் போர்வை போடப் போறன்.”

பிள்ளை சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. என் காதுக்குள் இருமுவது போல இருந்தது. இருமி முடித்து மூச்சை எடுக்கும்போது விசில் அடிக்கும் சத்தம் வந்தது.

அடுத்தது சாமி அறை. அதற்குக் கீழே மண் கறுப்பாகவும் சேறாகவும் இருந்தது. புளித்த பால் மணத்தது. சட்டத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். கேக்கில் கத்தி போவது போல உள்ளே போனது. மேலே பலகையில் துளை போட்டு ஒரு பிளாஸ்டிக் குழாயை இறக்கியிருந்தார்கள். இது என்ன குழாய் என்று யோசிக்கும்போதே மேலே மணி அடித்தது. முதலில் தண்ணீர் வந்தது. பிறகு பால். பிறகு மஞ்சள் தண்ணீர். விலக இடமில்லை. தோளில் ஊற்றி முடியும்வரை கிடந்தேன்.

வெளியே வந்து பின்படியில் இருந்தேன். வீட்டுக்காரரின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். உள்ளே முதலாளிக்குக் கோப்பை. எனக்குக் காகிதக் கப்பில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தருவதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது. என் சட்டையைப் பார்த்தார்.

“உங்கட மேல ஊத்திட்டுதோ?”

“அது என்ன குழாய், தங்கச்சி?”

“அபிஷேகத் தண்ணி. அதைப் பாத்ரூம் கானுக்குள்ள விடக் கூடாதாம், ஆரும் மிதிக்காத மண்ணில போகோணுமாம். வீட்டுக்கடியில ஆர் மிதிக்கப் போகினம் எண்டு இவர்தான் துளை போட்டவர். மூண்டு வருசமாச்சு. ஒவ்வொரு நாளும் ஊத்துவினம். வெள்ளிக்கிழமை கூட.”

“அந்த ஈரந்தான் பிள்ளையின்ர அறைக்கு ஏறுது.”

“எனக்குத் தெரியும். நான் சொன்னாச் சாமிக் குற்றம்.” அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “நீங்கள் சொல்லுங்கோ அண்ணா. வேலை தெரிஞ்ச ஆள் சொன்னாக் கேப்பினம். போன முறை அம்புலன்ஸ் வரேக்க பிள்ளையின்ர சொண்டு நீலமாப் போட்டுது.”

நான் மறுபடி கீழே போய்ப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

முன் அறைக்குள் எல்லோரும் இருந்தார்கள். பிள்ளை தன் அம்மாவின் மடியில். நான் வாசலில் நின்றபடி படத்தைக் காட்டினேன். குழாய் மண்ணை நனைக்கிறது, சட்டம் உக்கிவிட்டது, இதை இப்படியே அடைத்தால் ஈரம் இன்னும் கூடும், முதலில் குழாயை வெளியே திருப்ப வேண்டும் என்றேன். நான் அவ்வளவு நீளமாகக் கதைத்தது அந்த வருடம் அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அடுத்த படத்துக்கும் தள்ளினார். எனக்கு நம்பிக்கை வந்தது.

தாய் என் காலைப் பார்த்தார்.

“நீ இந்தச் சப்பாத்தோடயோ அந்த மண்ணில போனனி?”

“ஓம் அம்மா.”

“சிவனே. மூண்டு வருசம் பால் விட்ட மண். அதில சப்பாத்தோட உழண்டு போட்டு வந்து சாமித் தண்ணியால வருத்தம் எண்டு சொல்லுறான்.”

வீட்டுக்காரர் நிமிர்ந்தார். என்னிடம் நல்ல மெதுவாகத்தான் கேட்டார்.

“இதை வந்து சொல்லச் சொல்லி இவவோ உம்மட்டச் சொன்னது?”

அவருடைய மனைவி சொல்லச் சொன்னது உண்மை. நான் உண்மையைச் சொன்னேன்.

“ஓம்.”

அது பொய் சொல்ல வேண்டிய இடம் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதற்குள் முடிந்துவிட்டது.

“பாத்தியே,” என்றார் தாய். “சாமியில பழி போட ரோட்டால போற ஆம்பிளையைப் பிடிச்சிருக்கிறா. காகிதக் கப்பைக் குடுத்திட்டு வா எண்டா, பின்னுக்கு நிண்டு கதை.”

மனைவி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு கணவனிடம் சொன்னார்.

“என்னை என்னவெண்டாலும் சொல்லுங்கோ. பிள்ளையை மட்டும் ஒரு மாதம் லிட்கமில என்ர தம்பி வீட்ட விடுவம். குளிர் முடியக் கூட்டிக்கொண்டு வருவம்.”

“பிள்ளை ஒரு இடமும் போகாது. உனக்கு இருக்க ஏலாட்டி நீ போ.”

வீட்டுக்காரர் என் போனில் விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். பிறகு பார்த்தேன். படங்கள் இல்லை.

முதலாளி கோப்பையைக் கீழே வைத்தார். “குறை நினைக்காதேங்கோ அண்ணை. படிக்காதவன், கண்டதைக் கதைப்பான். நாங்கள் சொன்னபடி அடைச்சுத் தாறம்.”

“காத்தாடி வேண்டாம்,” என்றார் வீட்டுக்காரர். “பூசை நேரம் இரையும்.”

“பிளாஸ்டிக் விரிச்சாத் தண்ணி மண்ணில போகாதே,” என்றார் தாய். “அந்த இடத்தில வெட்டி விடச் சொல்லு. சப்பாத்தைக் கழட்டிப் போட்டுப் போகச் சொல்லு.”

வெளியே வந்து முதலாளி எனக்குச் சொன்னது இவ்வளவுதான். “அவர் கோயில் கொமிற்றி. கீழ பாக்கிறதைக் கீழ விட்டிட்டு வரப் பழகு. இல்லாட்டி ரோவில் பக்கம் வேற ஆக்கள் இருக்கினம், எலி வேலைக்கு.”

சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிப் படியில் வைத்தேன். ஜூலை மாதம், இங்கே கடுங்குளிர். மண் ஐஸ் போல இருந்தது. பழைய வீட்டுக்கடியில் ஆணி, ஓட்டுத் துண்டு, போத்தல் எல்லாம் கிடக்கும். இடது பாதத்தில் ஏதோ கீறியது. பார்க்கவில்லை.

பிளாஸ்டிக் விரித்தேன். குழாய்க்குக் கீழே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக வெட்டிவிட்டேன். குழாயை அடைக்கலாம் என்று நினைத்தேன். ஒரு பிடி பஞ்சு போதும். அடைத்தால் மேலே தண்ணீர் தேங்கும், முதலாளிக்குப் போன் வரும், எனக்கு வேலை போகும். கையில் எடுத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு உக்கின சட்டத்துக்குப் பக்கத்தில் ஏற்றி நாடா அடித்தேன்.

அந்த வீட்டுக்கு நான் அதன்பிறகு போகவில்லை. பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்கவும் இல்லை. கேட்டிருக்கலாம்.

அன்று பிள்ளையின் அறையைக் கடைசியாக வைத்திருந்தேன். அவளைக் கட்டிலில் படுக்க வைத்திருக்க வேண்டும், இருமல் இப்போது ஒரே இடத்திலிருந்து வந்தது. வழக்கமாக நான் ஏற்றுகிற துண்டுகளை எண்ணுவேன், முதலாளிக்குச் சொல்ல. அன்று துண்டுகளை எண்ணவில்லை. இருமலை எண்ணினேன்.

இந்தப் பஞ்சு குளிரைத் தடுப்பது போலச் சத்தத்தையும் தடுக்கும். ஒவ்வொரு துண்டும் ஏற ஏற அவள் தூரப் போனாள். கடைசி இடைவெளிக்கு வரும்போது மேலே பலகையில் காலடி கேட்டது. நீக்கலில் வாய் வந்தது.

“மிஸ்டர் பொஸம்?”

துண்டை ஏற்றினேன். அது பலகையோடு ஒட்டும்வரை அவள் இருமினாள். நாடா அடித்தேன். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

முப்பத்தேழு.