மாலை கழட்டுகிற நாள்

சாமிக்கு மாலை போட்டு விரதமிருக்கிற மனுசனைப் பற்றி மனைவி குறை எழுதினால், அது சாமியையே குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்ற பயத்தில் இத்தனை வருடமும் எழுதாமல் இருந்தேன். ஐயப்பன் பொறுத்துக்கொள்ளட்டும்.

கார்த்திகையில் மாலை போட்டால் என் கணவருக்குச் சிகரட் நினைவே வராது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனைக் கடைக்காரர் பகிடி பண்ணுவார்: "சாமி, மாலையக் கழட்டின ஒடன வாங்க. ஒங்க சிகரட் பக்கெட்ட எடுத்து வச்சிருக்கேன்." சபரிமலைக்குப் போய்வந்து மாலையைக் கழட்டிச் சாமித்தட்டில் வைத்த கையோடு இவர் அந்தக் கடைக்குத்தான் நடப்பார்.

"விரதத்தில எல்லாம் சுத்தமாப் போச்சு. நீர் சும்மா இரும்" என்பார். வருடம் முழுக்க இழுத்த புகையை விரதம் கழுவிவிடும் என்று உண்மையாகவே நம்பினார்.

போன கார்த்திகையில் கொட்டாஞ்சேனையில் ஒரு சாமி வீட்டுப் பூசைக்குப் போனோம். மாடிப்படியில் பாதியில் இவருக்கு மூச்சு வாங்கி, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். டொக்டர் எடுப்பித்த எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை. "பாத்தீரா?" என்று இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு இருதயத்தை ஸ்கேன் செய்தார்கள்.

டொக்டர் சொன்னார்: "புகை நுரையீரல்ல இருக்கிற இரத்தக் குழாய்களையும் பழுதாக்கும். குழாயின்ட சுவர் தடிச்சு, உள்ளுக்கு ஒடுங்கிப்போகும். அதுக்குள்ளால இரத்தத்தைத் தள்ள இருதயம் கஷ்டப்படுது. எக்ஸ்ரேயில இது தெரியவேணும் எண்டில்லை."

"விரதத்துக்கு விடுறனான்தானே, டொக்டர்?"

"ஆற முதல் திரும்பவும் புண்ணாக்குறீங்கள். இனி முழுசா விட்டாலும் பழையபடி வராது. விடாட்டி இன்னும் மோசமாகும். மலை ஏறவே கூடாது."

தை பிறந்தது. மற்றச் சாமிமார் இவருடைய நெய்த்தேங்காயையும் கொண்டு மலைக்குப் போய்வந்தார்கள். "இனி இங்கயே கழட்டலாம், சாமி" என்றார் குருசாமி. இவர் மாலையில் கை வைத்தார்.

"கழட்டாதேங்கோ" என்றேன். "கழட்டினா எங்க போவீங்கள் எண்டு எனக்குத் தெரியும்."

கையை எடுத்துவிட்டார். மாலை இன்னும் கழுத்தில்தான். நானும் பிள்ளைகளும் அழுது கேட்டும் விடாததை மணிமாலைக்காக விட்டிருக்கிறார் என்று நினைக்க எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது. அதுவும் பிந்தித்தான். இப்பவும் எங்கள் வீட்டுப்படியில் இரண்டு இடத்தில் நின்றுதான் ஏறுகிறார்.

இதை யாருக்காவது சொல்வதென்றால் இருக்கிறபடியே சொல்லுங்கோ. மாலை சிகரட்டை விடவைத்தது, ஐயப்பன் காப்பாற்றினார் என்று மட்டும் எடுத்துக்கொண்டு டொக்டர் சொன்னதை விட்டுவிடாதேங்கோ.