குழம்புக்குச் சட்டத்தில் இடமில்லை

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சிதம்பரத்தில் முன்சீப்பாக இருந்தேன். முன்சீப் தீர்ப்புச் சொன்னால் தோற்றவர் கடலூருக்கு அப்பீல் போவார். அங்கே இன்னொரு நீதிபதி உட்கார்ந்து, முன்சீப் எழுதியது சரியா தப்பா என்று சொல்வார். எழுதுகிற காலத்தில் அந்த மனிதரை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக வரும். பின்னால் நானே கடலூரில் அந்த நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்தேன் என்பது வேறு விஷயம். ஆனால் அப்பீலுக்கு மேலேயும் ஒரு அப்பீல் உண்டு என்று எனக்குக் காட்டியது ஒரு ஜன்னல் வழக்கு.

வாதி வாடகை சைக்கிள் கடைக்காரர். பிரதிவாதி பக்கத்து வீட்டில் இருந்த அவருடைய சொந்த அக்கா புருஷன். விறகுத் தொட்டி வைத்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் மட்டும் நடக்கக்கூடிய சந்து. சந்து விறகுத் தொட்டிக்காரருடையது. சைக்கிள் கடைக்காரரின் சமையலறை ஜன்னல் அந்தச் சந்தைப் பார்த்து இருந்தது. ஏதோ ஒரு காதுகுத்தில் மரியாதை குறைந்துபோனதாம். அன்றிலிருந்து மச்சானும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. மாமா சந்தில் சுவர் எழுப்ப ஆரம்பித்தார். சுவர் ஜன்னலின் அடிமட்டத்துக்கு வந்தபோது மச்சான் கோர்ட்டுக்கு வந்தார்: தலைமுறையாக வருகிற வெளிச்சமும் காற்றும் அடைபடுகிறது, சுவரைத் தடுக்க வேண்டும் என்று.

மாமா தன் சாட்சியாகத் தன் மனைவியையே, அதாவது வாதியின் அக்காவையே, கூண்டில் ஏற்றினார். அந்த அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

வாதி வக்கீல் கேட்டார்: "அந்த ஜன்னல் வழியா வெளிச்சம் வருதா இல்லையாம்மா?"

"வெளிச்சம் எங்க வருது? எந்நேரமும் எந்தம்பி பொண்டாட்டி தலைதான் வருது!"

கோர்ட்டே சிரித்தது. டவாலி "சைலேன்ஸ்!" என்று கத்திவிட்டு, தானும் வாயைப் பொத்திக்கொண்டார்.

இடத்தை நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். இரண்டு வக்கீல்கள், என் கிளார்க், டவாலி, வேடிக்கை பார்க்கத் தெருவில் பாதி. மாமா தன் விறகுத் தொட்டியில் வேலை இருப்பதாகக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நான் சைக்கிள் கடைக்காரர் வீட்டுச் சமையலறையில் நுழைந்தேன். மற்ற ஜன்னல்கள் எத்தனை, கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பாதிச் சுவருக்கு மேலாக வளையல் போட்ட ஒரு கை வந்தது. கையில் ஒரு கிண்ணம். அதில் நெத்திலிக் குழம்பு. கூடவே, கூண்டில் கேட்ட அதே குரல்:

"இந்தாடி, உப்பு சரியா இருக்கான்னு பாரு. எனக்கு மூக்கடைப்புல ஒண்ணும் தெரியல."

வாதி வக்கீல் என்னைப் பார்த்தார். பிரதிவாதி வக்கீல் கூரையைப் பார்த்தார். அடுப்போரம் நின்ற வாதியின் மனைவிக்கு வாங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கை பொறுமையிழந்து ஆடியது. "ஏய், கையி வலிக்குதுடி!" கடைசியில் என் டவாலிதான் கிண்ணத்தை வாங்கி மேடையில் வைத்தார். கை சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, யாரிடம் கொடுத்தோம் என்று தெரியாமலே.

சுவர் ஜன்னலின் அடிமட்டத்துக்கு மேல் எழும்பக் கூடாது என்று தீர்ப்பு எழுதினேன். அதில் ஒரு வாக்கியம். இந்த ஜன்னல் வழியாக வெளிச்சமும் காற்றும் மட்டுமல்ல, இரண்டு குடும்பங்களின் உறவும் போய்வருவதை நேரில் கண்டேன், கூடவே குழம்பு வாசனையும் வந்தது என்று. எழுதி முடித்து வெகுநேரம் ரசித்தேன். வீட்டுக்கு வந்து மனைவிக்கும் படித்துக் காட்டினேன்.

"இது தீர்ப்பா, கல்யாணப் பத்திரிகையா?" என்றாள் அவள்.

மாமா கடலூருக்கு அப்பீல் போட்டார். அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் எனக்குப் பதவி உயர்வு வந்து, கடலூருக்கே சப்-ஜட்ஜாகப் போனேன். அப்பீல் கேட்கிற ஜட்ஜுகளில் இப்போது நானும் ஒருவன். போன கொஞ்ச நாளில் என் மேஜைக்கு வந்த கட்டு ஒன்றைப் பிரித்தால், அதே ஜன்னல்! என் தீர்ப்பு சரியா என்று என்னையே கேட்கிறார்கள். சரி என்று சொல்லக் கை துறுதுறுத்தது உண்மைதான். சட்டம் விடாது. கட்டை மூடி, மாவட்ட நீதிபதிக்கே திருப்பி அனுப்பினேன்.

அவர் என்னைவிட மூத்தவர், நெட்டையானவர், முகத்தில் சிரிப்பே காட்டாமல் கேலி செய்யக்கூடியவர். சாயங்காலம் இருவரும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடப்பது வழக்கம். நிலுவையில் இருக்கிற வழக்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து, கூடை தூக்கிக்கொண்டு மீனவப் பெண்கள் யாராவது எதிரே வந்தால் நிறுத்திவிடுவார்.

"நெத்திலி இருக்காம்மா?"

"இருக்குதுங்க சாமி, இப்ப வலையில வந்தது. எவ்ளோ போட?"

"எனக்கு வேண்டாம்மா, நான் சைவம். சும்மா, வாசனை எப்படி இருக்கும்னு இவரைக் கேட்கலாம்னு."

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வேறென்ன செய்ய முடியும்? பதில் சொன்னால் வழக்கைப் பேசியதாகிவிடும்.

தீர்ப்பு வந்தது. என்னுடையதைத் தூக்கி எறிந்துவிட்டார். சமையலறைக்கு வேறு ஜன்னல்களும் கதவும் இருக்கின்றன, தேவையான வெளிச்சம் அவற்றிலேயே வருகிறது, ஆகவே சுவர் எழுப்பலாம். கடைசியில் ஒரு வரி: சட்டத்தில் வெளிச்சத்துக்கு இடமுண்டு, காற்றுக்கு இடமுண்டு, குழம்புக்கு இடமில்லை.

அந்த வரி, கோர்ட்டுகள் இருக்கிற மஞ்சக்குப்பம் முழுக்கச் சுற்றியது. என் கோர்ட்டில் மதியம் வாதாடிக்கொண்டிருந்த வக்கீல் ஒருவர், "பசி நேரத்தில் கனம் கோர்ட்டார் அவர்களை ஜாஸ்தி சோதிக்க விரும்பவில்லை" என்றபோது பின்பெஞ்சில் யாரோ கனைத்தார்கள். எனக்குக் காது சுட்டது. சட்டப்படி அவர் எழுதியது சரிதான். அதுதான் பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடைக்காரர் என் வீட்டு வாசலில் நின்றார். வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று நான் கையை உயர்த்தினேன்.

"வழக்கு பேச வரலீங்க அய்யா. உங்கள பாத்துட்டுப் போலாம்னுதான். மனச தளர வுட்றாதீங்க. நானுந்தான் தோத்துட்டேன், நல்லா சாப்புட்றேன், தூங்குறேன். இதெல்லாம் ஒரு தோல்வியா?"

"எனக்கு ஒன்றும் இல்லை, போய் வா" என்றேன்.

"மெட்ராசுக்குப் போயி ரெண்டு பேரும் ஜெயிச்சிருவோம். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். தைரியமா மட்டும் இருங்க."

உள்ளே என் மனைவி சிரித்த சத்தம் வாசல்வரை கேட்டது.

அவர் மெட்ராஸ் போகவில்லை. சில மாதங்கள் கழித்து மறுபடி வந்தார். கூடவே, தோளோடு தோள் உரச, அவர் மாமா.

"சுவர் என்ன ஆச்சு?" என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. வழக்குதான் முடிந்துவிட்டதே.

மாமா தொண்டையைச் செருமினார். "கொத்தனார கூட்டியாந்தேங்க. எங்க வீட்டுல பாத்தா. ஒரு செங்கல்லு மேல ஏறுச்சின்னா இனிமே காப்பி கிளப்புலயே சாப்புட்டுக்கன்னுட்டா. நானும் ரோஷமா சாப்புட்டுப் பாத்தேங்க. வயிறு கேக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, கொத்தனார அனுப்பிட்டேன். செவுரு எங்க நின்னுச்சோ அங்கதான் நிக்குது."

ஜன்னலின் அடிமட்டத்தில்! நான் சொன்ன அதே இடத்தில்! அன்று சாயங்காலம் கடற்கரையில் மாவட்ட நீதிபதியிடம் இதைச் சொல்லும்போது என்னால் நிதானமாக நடக்கவே முடியவில்லை. அவர் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு மேல மெட்ராஸ்ல ஒரு கோர்ட்தான் இருக்குன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார்.

ஆனால் அவர்கள் அன்று வந்தது இதைச் சொல்ல அல்ல. பின்வீட்டுக்காரர் சாக்கடையை இவர்கள் இருவரின் கொல்லைப் பக்கம் திருப்பிவிட்டாராம். இருவரும் சேர்ந்து வழக்குப் போடப் போகிறார்கள். நல்ல வக்கீலாக ஒருவரைச் சொல்ல வேண்டுமாம். "ஜட்ஜிடம் கேட்கிற கேள்வியா இது?" என்று இருவரையும் விரட்டினேன்.

சிதம்பரத்தில் தோற்று, அந்த வழக்கு அப்பீலாக என்னிடமே வந்தது. இவர்களை எனக்குத் தெரியும் என்று கோர்ட்டில் சொன்னேன். எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து, இவர்களைத் தெரியாத நீதிபதி ஜில்லாவிலேயே இல்லை, தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். கேட்டேன். சாக்கடை தெருக் கால்வாயில்தான் போகிறது என்பதற்கு ஆதாரம் தெளிவாக இருந்தது. தள்ளுபடி செய்தேன்.

இருவரும் பவ்யமாகக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்கள். கதவைத் தாண்டியதும் குரல் கேட்டது.

"நான் அப்பவே சொன்னேன், இந்த வக்கீல் வேணான்னு."

"நீதான மாமா அவர கூட்டியாந்த?"

"நானா? ஏன் மச்சான், வாய் கூசாம பேசற?"

சத்தம் வராந்தா நெடுக ஏறிக்கொண்டே போனது. டவாலி கதவைச் சாத்திவிட்டு வந்து அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.