தாராஸ் வரை தெரிந்த குதிரை

உலர்புல் வாங்கிய வகையில் தெமிர்குல் தன் வயதுத் தோழன் கல்முராத்துக்கு நாற்பதாயிரம் சோம் கடன்பட்டிருந்தார். அதை அடைக்க இருந்த ஒரே வழி, செம்பழுப்புப் பெட்டைக்குதிரையை விற்பது.

அதை விலைக்குக் கேட்டவன் மலைக்கு அப்பால் தாராஸில் இருக்கும் கசாக்குக்காரன் எர்கெபுலான். "படமெல்லாம் வேணாம்ணே. எல்லாரும் நல்ல காலைத்தான் படம் புடிப்பாங்க. மூணு நாளு லாயத்துல எப்படி நிக்குது, எப்படித் திங்குதுன்னு நானே பாக்கணும்" என்றான்.

லாயத்தில் கேமரா உண்டு. அதன் பதிவுப்பெட்டி வீட்டுக்குள். வெளியூர்க் கண் நுழையத்தான் வழியில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் தெமிர்குல். ஆனால் சுவர் முதல் கிணற்று மோட்டார் வரை எதற்கும் கூலி கொடுத்து ஆள் வைத்தவரில்லை. ராணுவத்தில் கற்ற ரஷ்ய மொழியைக் கொண்டு ரவுட்டரின் பக்கங்களைப் படித்தார். டிஎம்இசட் என்று ஒரு கட்டம். வெளியிலிருந்து யார் வந்து தட்டினாலும் நேரே ஒரே ஒரு பெட்டியிடம் அனுப்பிவிடுமாம். விருந்தாளிக்கென்று முற்றத்தில் தனிக் கூடாரம் அடிக்கிற மனிதருக்கு இது விளங்காதா? பதிவுப்பெட்டிக்கு ரவுட்டர் கொடுத்திருந்த எண் ஏழில் முடிந்தது. அதை அங்கே எழுதினார். கடவுச்சொல்லாக ஏழாம் தலைமுறைப் பாட்டனின் பெயரை வைத்தார்.

மறுநாள் எர்கெபுலான் போனில் கேட்டான்: "ஒண்ணுமே தெரியலண்ணே. குதிரை இருக்கா, குழம்பாயிருச்சா?"

பக்கத்தில் நின்ற கல்முராத் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கம்பி வழியா குதிரை விக்கிறானாம், கழுதை!"

தெமிர்குல் மறுபடி ரவுட்டரைத் துருவியதில் காரணம் தெரிந்தது. மலையில் இடி இடித்தால் எல்லா பிளக்கையும் பிடுங்குவது தெமிர்குல்லின் மனைவி பூபுசாராவின் வழக்கம். முந்தின நாளும் பிடுங்கியிருந்தாள். தொடர் பார்க்கும் அவசரத்தில் டிவியை முதலில் செருக, ரவுட்டர் அந்த ஏழாம் எண்ணை அதற்குக் கொடுத்துவிட்டது.

"ஏன் கிழவரே, எந்த நம்பரா இருந்தா என்ன?"

"தாராஸ்காரன் இப்ப நம்ம டிவியைத் தட்டிக்கிட்டு நிக்கிறான்டி!"

ஏழாம் எண்ணைப் பதிவுப்பெட்டிக்கே நிரந்தரமாக்கினார். ஜன்னலுக்கு வெளியே குதிரை இடது காதை ஆட்டியது. இரண்டு மூச்சு கழித்து போனில் குரல்: "அண்ணே... இடது காதை ஆட்டுது!"

தெமிர்குல்லுக்கு மயிர்க்கூச்செறிந்தது. நடுவே பனி மலை, ஓர் எல்லை. தன் இரண்டு விரல் தட்டியதற்கு அத்தனையும் வழிவிட்டிருக்கிறது.

குதிரை வாலை வீசியது. "வால்!" என்றது தாராஸ்.

கல்முராத் தலையிலிருந்த கல்பாக் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். "டேய்... நிஜமாவே பாக்குறான்டா."

நாலாம் நாள் எர்கெபுலானின் லாரி குதிரையை ஏற்றிக்கொண்டு போனது. கல்முராத் கையை நீட்டினார். சிரிக்கவில்லை. தெமிர்குல் ஆயிரம் சோம் தாள்களை அந்த உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்து, நாற்பது வரை உரக்க எண்ணினார்.