பெட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், தினேஷ்

தினேஷ் போய்விட்டான்.

நேற்று காலை ஷிப்ட் முடிந்து செனாவாங் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் வந்தவனை லாரி இடித்துவிட்டது... என் பக்கத்து வீட்டுப் பிள்ளை.

உங்களில் பலருக்கு அவனைத் தெரியாது. பழைய காலத்து ரகசிய எழுத்தைத் தானாகவே கண்டுபிடிக்கும் சாப்ட்வேர் ஒன்றை வீட்டிலேயே செய்துகொண்டிருந்தான். வெள்ளைக்கார ராஜாக்கள் எழுதியதெல்லாம் அதில் அவிழ்ந்ததாம்.

எனக்கு ராஜா வேண்டாம். என் அப்பா எழுதியது வேண்டும்.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி நேரம். அப்பா லாபு பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்காரர்களுக்கு அரிசி கொடுத்தார் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவே இல்லை. நான் கைக்குழந்தை.

போவதற்கு முன்னால் தகரப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஆணியால் நம்பர் கீறியிருந்தார். யூனியன் ஆட்கள் எழுத்துக்குப் பதில் நம்பர் போட்டு எழுதுவார்களாம்.

நமக்கு என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று கேட்டுக் கேட்டே அம்மா கண்ணை மூடினாள்.

தினேஷ் மூடியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். பேப்பர் தமிழைப் படித்துப் பழகிய கம்ப்யூட்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதனால் போனை என் முன்னால் வைத்து, எஸ்டேட்டில் பேசுகிற மாதிரி பேசச் சொன்னான். வேலை வாங்கும் மண்டோரோடு போட்ட சண்டை, நெத்திலி சம்பல்... எல்லாம் பேசித் தீர்த்தேன்.

"போதும் ஆண்ட்டி, இனி கம்ப்யூட்டரும் உங்கள மாதிரியே திட்டும் லா" என்று சிரித்தான்.

அப்புறம் ஒருநாள் சிரிக்காமல் வந்தான். எழுத்து கொஞ்சம்தான் என்பதால் பல விதமாகப் பொருந்துகிறதாம். ஒன்றில் வந்துவிடுவேன் என்று இருக்கிறது. இன்னொன்றில் காத்திருக்காதே என்று.

நல்லதாக ஒன்றைச் சொல்லிவிடு, மனசு ஆறட்டும் என்று கெஞ்சினேன்.

"மாட்டேன் ஆண்ட்டி. அது மெஷின் பேச்சு. உங்க அப்பா பேச்சு எதுன்னு தெரிஞ்சாத்தான் சொல்வேன்."

இன்னும் ஒரு வரி கிடைத்தால் போதும் என்றான். போன வாரம் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில், துருவுக்குள், கீறல் மாதிரி தெரிந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து மெதுவாகத் துரு எடுக்கிறேன், அதுவரைக்கும் கை வைத்துவிடாதீர்கள் என்றான்.

இன்று ஞாயிறு. அவன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருக்கிறார்கள்...

பெட்டி ஹாலில் கவிழ்ந்தபடியே கிடக்கிறது. நான் கை வைக்கவில்லை தம்பி.

போய் வா.