இங்கிலாந்துச் சுவரும் அமெரிக்கச் சுவரும்

கிற்றார்க் கடையில் வேலை செய்கிறவனுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காதில் விழுந்ததை விழாத மாதிரிக் காட்டிக்கொண்டு நிற்கத் தெரிய வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நின்று சம்பளம் வாங்கின உங்களுக்கு இது விளங்கும். இரண்டாயிரங்களில், ஒஸ்லோவில், குறொன்லாண்டுக்குக் கிட்ட ஒரு கடையில் நான் அப்படி நின்றனான்.

எங்கடை இசை

கடைக்கு இரண்டு முதலாளிமார். தெர்யே இளவயதில் லண்டனில் கோப்பை கழுவினவர். ரூனே எண்ணெய்க் கம்பனி வேலையாக ரெக்சாஸில் இருந்தவர். அதனால் இடப்பக்கச் சுவர் முழுக்க இங்கிலாந்து அம்ப்கள், வலப்பக்கம் அமெரிக்க அம்ப்கள். கிற்றாரின் சத்தத்தைப் பெருப்பிக்கிற பெட்டிகள்தான். இங்கிலாந்துப் பெட்டி உறுமும். அமெரிக்கப் பெட்டி கண்ணாடி மாதிரித் தெளிவாகப் பேசும்.

“புளூஸ் இசையை அமெரிக்கன் மறந்துபோனான். இங்கிலாந்துப் பெடியள்தான் அதை எடுத்து றொக் ஆக்கினவங்கள்” என்பார் தெர்யே. “எடுக்கேல்லை, களவெடுத்தவங்கள்” என்பார் ரூனே. இரண்டு பேரும் ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த நோர்வேக்காரர். ஒருநாள் சண்டை முற்றி முகம் பார்க்காமல் நின்றார்கள். சமாதானம் செய்யலாமென்று “எனக்கு ரெண்டும் பிடிக்கும்” என்றேன். அன்றைக்குத்தான் இருவரும் ஒற்றுமையாகத் திரும்பினார்கள். ரூனே சொன்னார்: “நீ இதுக்குள்ளை வராதை, இது எங்கடை இசை.”

கண்ணை மூடினவர்

வடக்கு நோர்வேயில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டின காலத்திலேயே கிற்றார் வாங்கிப் பழகினவன் நான். ஒரு சனிக்கிழமை, தோல் ஜாக்கெற் போட்ட ஒருவர் வந்து, இங்கிலாந்துச் சத்தம் எப்படியிருக்கும் என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார். அடுத்து அமெரிக்கப் பெட்டியில் அதையே வாசித்தேன். கால் தாளம் போட்டது. எனக்கும் சந்தோசம்; நிறையக் காலத்துக்குப் பிறகு ஒருவர் என்னைக் கேட்கிறார்.

கண்ணைத் திறந்தவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்: “றொக் தெரிஞ்ச ஆள் ஆரும் உள்ளை இருக்கினமோ?”

சொந்த மொழியில்

வெள்ளைக்காரர்தான் அப்படி என்று நினைக்காதீர்கள். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ஒருவர், கதவைத் திறந்ததுமே “சார், நீங்க தமிழா!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். என்னுடைய தமிழைக் கேட்டு, மலையாளம் மாதிரி இருக்கிறதே என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். எந்தப் பெட்டி வாங்கலாம் என்று விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவர் கண் என் தோளுக்கு மேலால் தெர்யேயைத் தேடியது. “தப்பா எடுத்துக்காதீங்க சார், இது கொஞ்சம் டெக்னிக்கல், அந்த வெள்ளைக்காரர்கிட்டயே கேட்டுக்கறேன்.”

பிரிவினை

கடைசியில் முதலாளிமார் பிரிந்தார்கள். தெர்யே தன்னுடைய சுவரைக் கழற்றி ஒரு புதுக் கடைக்குக் கொண்டுபோனார். ரூனே தன்னுடையதை வேறோரிடத்துக்கு ஏற்றினார். இரண்டு வான் வண்டிக்கும் சாமான் தூக்கினது நான். பெட்டியெல்லாம் போனபிறகு சுவர்களில் ஆணித் துவாரங்கள் மட்டும் இருந்தன. வீட்டில் மனைவி சுகந்தி, “இனி ஆரோடை வேலை?” என்று கேட்டபடியே இருந்தாள். அவர்களாகவே கூப்பிடுவார்கள் என்று நான்தான் அவளைச் சமாளித்து வைத்திருந்தேன்.

ஒருவரும் கூப்பிடவில்லை. வெட்கத்தை விட்டு இருவருக்கும் ரெலிபோன் எடுத்தேன். தெர்யே என்னை வேலைக்கு எடுப்பார் என்று ரூனே இருந்தாராம். தெர்யேக்கு உண்மையிலேயே ஆச்சரியம்: “நீ அமெரிக்கப் பக்கம் எண்டெல்லோ நான் நினைச்சன்!”

றொக் கிற்றார் இங்கிலாந்தாலா அமெரிக்காவாலா வளர்ந்தது என்று இன்றைக்கும் ஆராவது கேட்டால், வேலை தேடும் வரிசையில் நின்று கேட்டால் இரண்டும் ஒரே சத்தம்தான் என்று சொல்லுவேன்.