சிவப்பனைப் படுக்க வைத்தேன்

எட்டு வயதில் நான் ஒரு கொலை செய்துவிட்டதாக இருபது நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அந்த இருபது நாளும் எனக்கு இட்லிகூடத் தொண்டையில் இறங்கவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

செத்தவன் டிவியில் வருகிறவன். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு தொடர் வரும், கம்ப்யூட்டரில் செய்த படம். ஏரிக்கு அடியில் ஒரு கோட்டை. அதில் ஐந்து இயந்திர வீரர்கள். ஊரைப் பிடிக்க வரும் இரும்புப் பூச்சிகளோடு அவர்களுக்குத் தினமும் சண்டை. ஐந்து பேர் உடம்பும் இப்போதுதான் எண்ணெய் தேய்த்துவிட்ட மாதிரி பளபளக்கும். வாய் ஒரு நேரம் அசையும், தமிழ் இன்னொரு நேரம் வரும். பெயர்கள் எதுவும் எங்கள் வாயில் நுழையவில்லை என்பதால் நிறத்தை வைத்துத்தான் கூப்பிடுவோம். தலைவன் சிவப்பன். வலது தோளில் பீரங்கி. ஆபத்து வரும்போதெல்லாம், எல்லோரும் பின்னால் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பான். எங்கள் வீட்டில் அப்படி யாரும் சொன்னதில்லை. 'நீ போய்ப் பாரு' என்றுதான் ஒருவரை ஒருவர் அனுப்புவார்கள். எனக்குச் சிவப்பன் என்றால் உயிர்.

அம்மாவின் தம்பியான மாமா அப்போது ஸ்ரீரங்கத்தில் எங்களோடுதான் இருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பொம்மைக் கடையில் வேலை. காலையில் அவர் கண்ணாடி முன் தலை சீவுவார், நான் கீழே உட்கார்ந்து ஸ்கூல் ஷூ மாட்டிக்கொண்டிருப்பேன். போகிற போக்கில் ஏதாவது சொல்வார்.

"அடுத்த மாசம் புதுசா ஒருத்தன் வரான் பாரு. நீலக் கலரு. முதுகுல றெக்கை."

அடுத்த மாதம் நீலன் வந்தான், முதுகில் றெக்கையோடு. பச்சையனுக்கு ஒரு கை போய்விடும், அந்த இடத்தில் துளை போடுகிற மெஷின் வைப்பார்கள் என்றார். அதுவும் நடந்தது. எப்படித் தெரியும் என்று நான் கேட்கவே இல்லை. ஜோசியரிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா? மாமா சொல்வதால்தான் டிவிக்காரர்கள் அப்படிச் செய்கிறார்களோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எப்படியோ, வகுப்பில் என் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. உறையூரிலிருந்து வேனில் வரும் ஒருத்தி, தினம் ஒரு முறுக்கை என் கையில் வைத்து, "உங்க மாமாகிட்ட கேட்டுச் சொல்லுடி" என்று கெஞ்சுவாள். நானும் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு முறுக்கைத் தின்பேன்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு முந்தின வாரம் மாமா ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ஒரு மூலை நசுங்கியிருந்தது. உள்ளே சிவப்பன். முழங்கையில் ஒரு சின்ன ஆணித்தலை. டிவியில் வருகிறவனுக்கும் அதே இடத்தில் அதே ஆணித்தலை உண்டு. அப்படியானால் இது பொம்மை இல்லை, அவனேதான்.

"வெச்சுக்கடி. கடையில இவன் ஒருத்தன்தான் மிச்சம்" என்றார் மாமா. ஊருக்கே ஒருவன் மிச்சம், அவனும் எனக்கு! சந்தோஷத்தில் மாமாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் ஏழு படிக் கொலு. சிவப்பனையும் வைத்தே தீருவேன் என்று அழுது புரண்டேன். சாமிக்குப் பக்கத்தில் பீரங்கியா என்று அம்மா கத்தினாள். கடைசியில், படிகளுக்கு முன்னால் மணல் பரப்பிக் கடுகு முளைக்க வைத்திருந்த பூங்காவில் இடம் கிடைத்தது. முளைத்த கடுகு அவன் முட்டிவரைக்கும் வந்தது. ஒன்பது நாளும் அந்தக் காட்டுக்குள் நின்று கொலுவையே காவல் காத்தான். சுண்டலுக்கு வந்த எதிர்வீட்டு மாமி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, "இவர் யாருடி கொழந்தே, துவாரபாலகரா?" என்று கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கையையும் கூப்பிக்கொண்டார்.

விஜயதசமி சாயங்காலம், கொலு முடிந்தது என்பதற்காக ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். மறுநாள்தான் எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைப்பது. எப்போதும் மரப்பாச்சியைத்தான் படுக்க வைப்போம். அந்த வருஷம் அம்மா ஆரத்தி எடுத்துவிட்டு, "நீயே ஏதாவது ஒண்ணைப் படுக்க வைடி" என்று என்னிடம் விட்டாள். நான் சிவப்பனைப் பார்த்தேன். ஒன்பது நாளாகப் பீரங்கியோடு கை தூக்கி நிற்கிறான், வலிக்காதா? இரண்டு கையையும் கீழே இறக்கி, மல்லாக்கப் படுக்க வைத்தேன். தலைக்குக் கொஞ்சம் கடுகுச் செடியும் வைத்தேன்.

மறுநாள் ஐந்தரைக்குத் தொடர் வந்தது. இரும்புப் பூச்சிகளின் ராஜா சுட்டான். சிவப்பன் விழுந்தான். மல்லாக்க, இரண்டு கையும் உடம்போடு ஒட்டி, நான் வைத்த அதே மாதிரி. கூட இருந்தவர்கள் சுற்றி நின்று தலையைக் குனிந்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

எழுப்பிவிட்டால் சரியாகிவிடும் என்று கொலுவுக்கு ஓடினேன். அங்கே வெறும் படிகள்தான் இருந்தன. நான் ஸ்கூலில் இருந்தபோதே அம்மா எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றிவிட்டாள். ஒரே ஒரு பொம்மையை எடுத்துக் கொடு என்று கேட்டேன்.

"கட்டி வெச்சதைத் திரும்பப் பிரிப்பாங்களா? அடுத்த வருஷம் எடுத்துக்கலாம், போடி."

அடுத்த வருஷமா? அதற்குள் அவன் கதி என்ன ஆவது? விஷயத்தைச் சொன்னால் அம்மா என்னைத்தான் பிடித்துக்கொள்வாள். அடுத்த நாள் தொடரில் மஞ்சளாக எவனோ ஒருவன் மோட்டார் பைக்கில் வந்து இறங்கி, இனிமேல் நான்தான் தலைவன் என்றான். வெட்கம் கெட்டவன்.

வேறு வழியில்லாமல் மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் சிரிக்கவில்லை.

"நீ ஒண்ணும் பண்ணல குட்டி. அவன் வரமாட்டான்னு எனக்கு முன்னாடியே தெரியும். அடுத்த லிஸ்டுல அவன் இல்ல."

"எந்த லிஸ்டு?"

"கடைக்கு வருமே, அது."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ தலை சுற்றியது. கடைக்கு வருகிற லிஸ்டுக்கும் ஏரிக்கு அடியில் நடக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? படுக்க வைத்தது நான். படுக்க வைக்கச் சொன்னது அம்மா. சாமி என்று கும்பிட்டது எதிர்வீட்டு மாமி. அதில் ஏதாவது தோஷமோ? சாகப்போகிறான் என்று தெரிந்தே அவனை என் மடியில் கொண்டுவந்து வைத்தது மாமா. ஆக, கொன்றது யார்? ராத்திரி பகலாக யோசித்தும் பிடிபடவில்லை. கடைசியில் மாமாதான் என்று முடிவு செய்து, அவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஸ்கூல் விட்டு வந்தபோது மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கடை திறந்திருக்கிற நாளில் அந்த நேரத்துக்கு அவரை வீட்டில் பார்த்ததே இல்லை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மாமா ஸ்டூலைப் போட்டு ஏறி, தகரப் பெட்டியை இறக்கி, துணி துணியாகப் பிரித்துச் சிவப்பனைக் கண்டுபிடித்தார். டிவிக்கு முன்னால் நிற்க வைத்து, கையைத் தூக்கிப் பீரங்கியையும் சரி செய்தார். இரண்டு பேரும் ஐந்தரைக்கு உட்கார்ந்தோம். மஞ்சளன்தான் வந்தான். அடுத்த நாளும் மாமா வீட்டில் இருந்தார், அதற்கடுத்த நாளும் இருந்தார். மூன்று பேருமாகப் பார்த்துக்கொண்டே இருந்தோம். சிவப்பன் வரவில்லை.

"ஆளை மாத்திட்டாங்கடி. நாம என்ன பண்ண முடியும்?" என்றார் மாமா. குரல் ஒரு மாதிரி இருந்தது. என் சிவப்பனுக்காகத்தான் அவரும் வருத்தப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். போனால் போகிறது என்று பேச ஆரம்பித்தேன்.

பிறகு ஒரு காலையில் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நாங்கள் எல்லோரும் நின்றிருந்தோம். மாமாவின் காலடியில் ஒரு பை, கையில் ஒரு பை. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போனதும் போன் பண்ணுடா" என்று நான்கு முறை சொன்னாள். அப்பா வழக்கத்துக்கு மாறாக மாமாவின் தோளில் கை போட்டிருந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளவும் நேரம் இல்லை; ரயில் வருவதற்குள் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

"மாமா, சிவப்பன் திரும்ப எப்ப வருவான்?"

மாமா என்னையே பார்த்தார். "வருவான்டி" என்றார். "கண்டிப்பா வருவான்." அன்று மத்தியானம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

மாமா சொல்லிப் பலிக்காமல் போனது அது ஒன்றுதான். அந்தத் தொடரே பொம்மை விற்பதற்காக எடுத்தது என்பது காலேஜ் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. முதலில் பொம்மை, அப்புறம்தான் கதை. எந்தப் பொம்மை விற்கவில்லையோ அதைக் கம்பெனி நிறுத்திவிடும். கதையிலும் அவனை ஒரு பூச்சி சுட்டுவிடும். புதுப் பொம்மைகளின் லிஸ்டு கடைக்கு முதலில் வரும், அதைப் படித்துத்தான் மாமா எனக்கு ஜோசியம் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் எந்த நிறமும் விற்கவில்லையாம். கடை முதலாளி பொம்மைகளைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிட்டுச் செல்போன் உறை தொங்கவிட்டார். பொம்மைப் பக்கம் நின்ற ஆட்களைப் போகச் சொல்லிவிட்டார். அப்படி நடக்கப்போகிறது என்று மாமாவுக்குத் தெரிந்த வாரத்தில்தான் நசுங்கிய பெட்டி என் மடிக்கு வந்திருக்கிறது.

மாமா இப்போது ஓசூரில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் லீவு கிடைத்தால் வருகிறார். சிவப்பன் இன்றும் எங்கள் கொலுப் பூங்காவில் நிற்கிறான். யாரும் அவனைப் படுக்க வைப்பதில்லை. கடுகு விதைக்கும்போதெல்லாம் அந்த ஸ்டேஷன்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. இரண்டு பையோடு நின்ற மனிதரிடம், நீங்க எப்ப வருவீங்க மாமா என்று நான் கேட்கவில்லை.