மஞ்சள் பத்தைக் கழுவிய கை

இன்றைக்கு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் என் விரல் வலியை டாக்டர் பார்ப்பதற்கு முன்பே ஒரு பிசியோதெரபிப் பெண் பார்த்தாள். மூட்டுவாதத்துக்கென்றே கூடுதலாகப் படித்தவளாம்.

"இன்னாம்மா, மஞ்சப் பத்து போட்டுகினு வந்தா வீக்கம் எப்பிடித் தெரியும்? கழுவிகினு வாங்க."

கழுவினேன்.

"இன்னா வேல செய்ய முடில?"

"வெள்ளிக்கிழம அம்மனுக்குப் பூ கட்ட முடில கண்ணு."

நூலும் காகிதத் துண்டும் கொடுத்து, கட்டிக் காட்டச் சொன்னாள். ஒரு முடிச்சுகூடப் போட முடியாமல் அழுதுவிட்டேன்.

"காலைல விரல் மடங்க எவ்ளோ நேரமாவுது?"

"கோயில்ல காலப் பூசை முடியுற வரிக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல மடங்காது."

"இது வயசு வலி இல்ல, மூட்டுவாதம் மாதிரி கீது. இப்பவே மருந்து ஆரம்பிச்சா மறுபடி கட்டலாம்மா."

கையோடு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த மகராசி நன்றாக இருக்கவேண்டும்!

நம் கோயில் பெண்களே, என் விரல் சரியாகும்வரை அம்மனுக்கு உங்களில் யார் பூ கட்டுவீர்கள்? விரல் வலிக்காதவர்கள் மட்டும் கை தூக்குங்கள்.